தணலில் சுட்ட மீன்

2022ஆம் ஆண்டு கொழும்பில் சமையல் எரிவாயுவுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் காத்திருந்த நாள்களில், நான் முற்றத்தில் மூன்று கற்களை வைத்துச் சிரட்டைக்கரி மூட்டினேன். உப்பும் மஞ்சளும் பூசிய சாளை மீனைத் தணலில் சுட்டேன்.

எரிவாயு எரிகையில் நீராவியும் உண்டாகிறது. நன்கு கனன்ற கரியில் அது மிகக் குறைவு. அந்த உலர்ந்த வெக்கையில் மீனின் தோல் மொறுமொறுப்பாகிறது. கொழுப்பு தணலில் சொட்டிப் புகையாகி மீண்டும் மீனிலேயே படிகிறது. சட்டியில் பொரித்தால் இந்த மணம் வாராது.

புகழ்ந்தபடியே உண்டேன். அப்போது யாழ்ப்பாணத்து அடுப்படியில் ஊதுகுழலும் கையுமாய் இருமிக்கொண்டிருந்த அம்மாவின் சிவந்த கண்கள் நினைவில் எழுந்தன. விறகடுப்புச் சமையலின் சுவையை நாங்கள்தாம் புகழ்ந்தோம். அம்மா ஒருநாளும் புகழ்ந்ததில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.