தட்டுச் சத்தமும் அந்நியக் கையும்

ராஜபாளையத்தில் நாய்க்குட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் டீக்கடைக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். அந்தக் குட்டியை எப்படி வளர்க்கிறார்கள், அதைப் பார்க்க வேண்டும் என்றால்தான் தயங்குகிறார்கள். "வாங்கப் போறீகளா, சும்மா பாக்கவா?" என்று கேட்டார் ஒருவர். சும்மாதான் என்றதும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கடைசியில் என்னைக் கூட்டிப் போனவர் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. ஷிப்டு இல்லாத நேரத்தில் நாய்களைக் கண்காட்சிக்குப் பழக்குவது அவருக்கு இன்னொரு வேலை. ஊரில் அவரை 'ஹேண்ட்லர்' என்றே சொல்கிறார்கள். முடங்கியாறு சாலையிலிருந்து பிரிந்து, மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கு நேரே நிற்கும் ஒரு மாந்தோப்புக்குப் போனோம். தோப்பைக் காவல் பார்க்கும் குடும்பம் அங்கேயே குடியிருக்கிறது. தகரக் கொட்டகையில் வெள்ளைத் தாய் நாய் ஒன்று படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றது. குரைக்கவில்லை, வாலையும் ஆட்டவில்லை. "சார், அங்கனயே நில்லுங்க. நான் சொல்றவரைக்கும் கையை நீட்டாதீக" என்றார் கொட்டகைக்குள்ளிருந்த அம்மா.

ராஜபாளையம் நாய் என்றால் இதுதான். கறந்த பால் நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண், இறங்கிய நெஞ்சு, உள்வாங்கிய வயிறு. ஆண் நாய் தோள் வரைக்கும் 65 முதல் 75 செ.மீ. உயரம் வரும். ஒரு குடும்பத்துக்கு, பல சமயம் அந்தக் குடும்பத்திலும் ஒரே ஒருவருக்குத்தான் அடங்கும். விஜயநகர ஆட்சிக்குப் பிறகு தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் தோப்புக்கும் வீட்டுக்கும் காவலாக வளர்த்து வந்த இனம். பாளையக்காரர் போரில் இது வெள்ளைக்காரன் குதிரை லாயத்துக்குள் பாய்ந்தது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையைவிட, முன்பின் தெரியாத ஆளைத் தோப்புக்குள் விடக் கூடாது என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த நாய் இது என்பதுதான் முக்கியமாகப் பட்டது. இப்போது அதே நாயைக் கண்காட்சி மைதானத்தில் நிறுத்தி, முன்பின் தெரியாத நடுவர் அதன் வாயைத் திறந்து பார்க்கும்போது சும்மா நிற்கச் சொல்கிறோம். ஹேண்ட்லரின் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

தாய் நாயின் உரிமையாளர் ஊருக்குள் இருக்கிறார். வளர்ப்பது இந்த அம்மா. ஆடு வாரத்துக்கு விடுவதைப் போலத்தான் ஏற்பாடு. தீனிக்கும் மருந்துக்கும் காசு அவர் கொடுப்பார், ஈற்றில் நல்ல குட்டிகள் அவருக்கு, ஒன்றோ இரண்டோ இந்த வீட்டுக்கு. எந்தக் குட்டி 'நல்ல குட்டி' என்று தீர்மானிப்பதும் அவரே. "வெள்ளையாப் பாத்து எடுத்துக்கிடுவாரு. எனக்கு மூக்குல கறுப்பு விழுந்தது, காதுல காவிப்புள்ளி விழுந்தது வரும். அம்புட்டுத்தான்" என்றார் அம்மா. அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

நான் போனபோது குட்டிகளுக்கு ஐந்தாவது வாரம். கண் திறப்பது பத்து முதல் பதினான்கு நாளில். காது அதற்குக் கொஞ்சம் பின்னால் திறக்கும். இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்து கொடுத்துவிட வேண்டும், வயிற்றுப் புழு தாயிடமிருந்தே வருவதால். தாய்ப்பாலை மறக்கடிக்கக் கேழ்வரகுக் கூழைப் பாலில் கரைத்து ஊட்டுகிறார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் ஈரலும் வேகவைத்த முட்டையும். வேகவைத்த கோழி எலும்பு மட்டும் ஆகாது. சில்லாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். பார்வோ தடுப்பூசியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து போட வேண்டும். இதையெல்லாம் எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்லிவிடுவார். அந்த அம்மா செய்துகாட்டிய ஒரு சோதனையைத்தான் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அம்மா எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். எல்லாம் தலையைத் தூக்கின. "எல்லாத்துக்கும் காது கேக்குதே" என்றேன். அவர் சிரித்தார். "அப்படித்தான் விக்கிறவுகளும் சொல்லுவாக." பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வந்து, கூட்டத்திலிருந்து தள்ளி, சாக்கின் மேல் விட்டார். சிமெண்டுத் தரையில் விட்டால் காலடி அதிர்விலேயே திரும்பிவிடுமாம். குட்டிக்குப் பின்னால், நிழல் விழாத பக்கத்தில் நின்று, தட்டை லேசாகத் தட்டினார். முதல் குட்டி சட்டென்று திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சாக்கு நூலைக் கடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் பலமாகத் தட்டினார். கொட்டகையில் தாய் நாய் எழுந்துவிட்டது. குட்டி நூலை விடவில்லை. கூட்டத்தோடு படுத்திருந்தபோது அது தலை தூக்கியது பக்கத்துக் குட்டி அசைந்ததால்தான்.

ஐந்தாவது குட்டி வேறு மாதிரி. சத்தம் கேட்டதும் நிமிர்ந்தது, ஆனால் இடப்பக்கம் தட்டினால் வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் தட்டினால் சரியாகத் திரும்பியது. அம்மா அதை மறுபடி மறுபடி சோதித்தார். "இதுக்கு ஒரு காது இல்லை சார். வாங்குறவுகளுக்குத் தெரியாது. வளத்தவளுக்குத்தான் தெரியும்."

காது கேளாமையும் வெள்ளை நிறமும் ஒட்டிப் பிறந்தவை. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் அதே நிறமிச் செல்கள்தான் உட்காதில் உள்ள நத்தை எலும்புக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் உயிரோடிருக்கத் தேவையான சூழலைக் காப்பவை அவை. வெள்ளை நிறத்துக்கான மரபணு அந்தச் செல்களை வரவிடாமல் செய்தால், பிறந்த சில வாரங்களில் உட்காதின் மயிர்ச்செல்கள் அழிந்துபோகும். பிறகு மருந்து கிடையாது. டால்மேஷியன் இனத்திலும் இதே சிக்கல்தான். ஒரு காது மட்டும் கேளாத நாயைத் தட்டும் கரண்டியும் வைத்து உறுதியாகக் கண்டுபிடித்துவிட முடியாது. காதுக்குள் ஒலியைச் செலுத்தி, மூளை அதற்குக் காட்டும் மின் அலையை அளக்கும் 'பேயர்' சோதனை வேண்டும். நான் பேசிய வளர்ப்பாளர்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஒற்றைக் காது கேட்கும் நாய் ஊரெல்லாம் இனத்துக்குச் சேர்க்கப்படுகிறது. அதன் ஈற்றில் செவிட்டுக் குட்டிகள் கூடுதலாக விழுகின்றன.

காவிப்புள்ளி விழுந்த குட்டிகளைப் பற்றி அம்மா வருத்தப்படாததற்குக் காரணம் இதுதான். நிறம் உள்ள குட்டிக்குக் காது கேட்க வாய்ப்பு அதிகம் என்பதை அவர் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முற்காலத்தில் ராஜபாளையம் ஈற்றில் புள்ளிக்குட்டியும் பழுப்புக்குட்டியும் விழுந்ததுண்டு. வெள்ளைதான் வேண்டும் என்று அவற்றைக் கழித்துக் கழித்தே இன்றைய தூய வெள்ளை வந்திருக்கிறது. செவிட்டுக் குட்டிகளை முன்பெல்லாம் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "வச்சிக்கிட மாட்டாக" என்று நிறுத்திக்கொண்டார். ஆனால் அவரிடம் ஒன்று இருக்கிறது, நான்கு வயதுப் பெண் நாய். கையை நெஞ்சில் வைத்தால் வரும், உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும். இருட்டில் தூங்கும்போது மட்டும் யாரும் தொடக் கூடாது, பயந்து கடித்துவிடும்.

ஹேண்ட்லர் அன்று பழக்க வந்தது இந்த ஈற்றை அல்ல. இப்போது ஐந்து மாதமான வேறொரு ஆண் குட்டியை. அதே தோப்பில்தான் நிற்கிறது. அவர் பழக்கும் முறை என் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. ஓட்டமும் நடையும் பிறகு. முதலில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏற்றினார். மெல்லிய ஷோ கயிறு தாடைக்குக் கீழே, இறுக்கமில்லாமல். முன்னங்காலைப் பாதத்தைப் பிடித்து நகர்த்தவில்லை. முழங்கையைப் பிடித்துத் தூக்கி நேராக வைத்தார். பாதத்தைப் பிடித்தால் நாய் காலை இழுத்துக்கொள்ளுமாம். பின்னங்காலைக் கணுவுக்கு மேலே பிடித்துக் கொஞ்சம் பின்னுக்கு. வாலைப் பிடித்துத் தூக்கவே இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து சுண்டிய ஈரல் துண்டை எடுத்து மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கழுத்து நீண்டது, நெஞ்சு இறங்கியது. எண்ணிப் பத்துக்குள் விட்டுவிட்டார். "சலிச்சுப்போறதுக்கு முன்னால நிறுத்திரணும் அண்ணாச்சி. நாளைக்கு அதுவே கல்லுல ஏறும்."

அடுத்து வந்ததுதான் உண்மையான பாடம். தோப்புக்குப் பால் எடுக்க வந்தவரைக் கூப்பிட்டார். "மதினி, கயித்தை நீங்க பிடிங்க" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். பால்காரர் பக்கவாட்டில் வந்து, புறங்கையை மோப்பம் பிடிக்கக் கொடுத்து, உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து, முதுகை அழுத்தி, பின்தொடை வரை தடவிவிட்டு, ஈரல் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நடுவர் செய்வதெல்லாம் இதுதான். சிலிண்டர் போட வந்தவர், தபால்காரர், மாங்காய் பறிக்க வந்த கூலியாட்கள் என்று யார் வந்தாலும் இந்தக் குட்டியின் வாயைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது ஐந்தாவது வாரத்திலிருந்து இந்த வீட்டில் சட்டம். நாயின் பழகும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-இல் வந்த தங்கள் நூலில் விரிவாக எழுதினார்கள். அதாவது ஹேண்ட்லர் கையில் குட்டி வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும், அல்லது கெட்டுப்போயிருக்கும். அந்தப் பாதி வேலையைச் செய்கிறவருக்குச் சம்பளம் என்று தனியாக எதுவும் இல்லை.

இப்படிப் பழக்கினால் காவல் புத்தி போய்விடாதா? ஊரில் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். குட்டியை நான்கு மாதம் வரை இருட்டுக் கொட்டகையில் அடைத்து 'ரோஷம்' ஏற்றும் வழக்கமும் உண்டு. ஹேண்ட்லருக்கு அதில் கோபம் வந்துவிட்டது. "அது ரோஷம் இல்ல அண்ணாச்சி, பயம். பயந்த நாய் பிள்ளையைத்தான் கடிக்கும், திருடனைக் கண்டா ஓடும்." நானும் அவர் கட்சி. அன்று சாயங்காலம் அம்மா உள்ளே போனதும் வேலிக்கு வெளியே யாரோ நடந்தார்கள். சற்றுமுன் பால்காரருக்கு வாயைத் திறந்து காட்டிய அதே குட்டி முதுகு மயிர் சிலிர்க்கப் போய் நின்றது.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் குட்டியைக் கண்காட்சியில் பார்த்தேன். கல்லூரி மைதானம், ஷாமியானா, ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்குக் குளிரூட்டிய வேன், லாப்ரடார்களுக்கு மின்விசிறி. நாட்டு நாய்க்காரர்கள் வேப்பமரத்து நிழலில். 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020-இல் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொன்னார். அதன்பின் நாட்டு நாய்களைத் தேடி வருபவர்கள் கூடிவிட்டதாக மரத்தடியில் எல்லாரும் சொன்னார்கள். இந்த நாய்களைப் பற்றித் தமிழில் எடுத்துச் சொன்ன தியடோர் பாஸ்கரனின் பெயரும் அங்கே அடிபட்டது.

கையில் எண் கட்டிக்கொண்டு ஹேண்ட்லர் குட்டியோடு ரிங்குக்குள் போனார். எல்லா நாய்களும் ஒரு சுற்று, பிறகு ஒவ்வொன்றாக நடுவர் முன். இரண்டாவதாக நின்ற ராஜபாளையம், நடுவர் கை நீட்டியதும் உறுமியது. மறுபடி முயன்றார், பாய்ந்தது. வெளியே அனுப்பிவிட்டார். அழகான நாய், கொட்டகையில் வளர்ந்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. நம் குட்டியின் முறை வந்தது. நடுவர் பல்லைப் பார்த்தார், விரையைப் பார்த்தார், முதுகை அழுத்தினார். குட்டி ஈரலையே பார்த்துக்கொண்டு நின்றது. ஓட்டத்தில் முன்னங்கால் கொஞ்சம் அகலமாக விழுந்தது. வயதுக்கு அது சகஜம். இரண்டாவது பரிசு. முதலில் வந்த நாயின் நடை உண்மையிலேயே அருமை, எனக்கு அந்தத் தீர்ப்பில் குறையில்லை.

என் குறை வேறு. அந்த ரிங்கில் நின்ற நாய்களின் பல், எலும்பு, மயிர், நடை எல்லாம் அளக்கப்பட்டன. காது கேட்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. கண்காட்சியில் பரிசு பெற்ற ஆண் நாய்க்குத்தான் ஊரெங்கும் இனச்சேர்க்கைக்குக் கிராக்கி. பரிசுப் படத்தில் உரிமையாளர் நின்றார். மாந்தோப்பு அம்மா வரவில்லை. கொட்டகையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளை இனங்களுக்கு இரண்டு காதும் கேட்கும் என்ற சான்று இல்லாமல் பட்டம் கொடுக்காதீர்கள். குட்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படியே தவறு; அதற்குள் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். குட்டியைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துச் சாக்கின் மேல் விடச் சொல்லி, பின்னாலிருந்து, இரண்டு பக்கமும் தட்டிப் பாருங்கள். காதில் காவிப்புள்ளி இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.