ஷிபுயா சந்தில் பழைய தட்டு!

டோக்கியோவின் ஷிபுயா ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் உடாகவாச்சோ. 1990-களில் இந்தச் சந்துகளில் தடுக்கி விழுந்தால் இசைத்தட்டுக் கடைதான்!

'பிஸிகாட்டோ ஃபைவ்' குழுவின் கோனிஷி யாசுஹாருவுக்குப் பழைய தட்டு என்றால் உயிர். அமெரிக்க ஸாஃப்ட் ராக்குக்கு இங்கே தனி மவுசு. ரோஜர் நிக்கல்ஸ் குழு 1968-ல் போட்ட ஆல்பம் சொந்த ஊரில் போணியாகவில்லை. ஜப்பான்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதே குழுவின் அடுத்த ஆல்பம் வந்தது 2007-ல். அவ்வளவு தாமதமாகக் கைதட்டல்!

தட்டு உறையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்கும். பேர் 'ஓபி'. அது கிழியாமல் இருந்தால் விலை எகிறும்.

கடைகள் இப்போது குறைச்சல்தான். ஆனால், 2010-ல் மூடிய எச்.எம்.வி., 2014-ல் இசைத்தட்டுக்காகவே மறுபடி கடை விரித்தது. போகிறவர்கள் ரிட்டர்ன் டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுங்கள்!