லாலுவுக்கு டிரான்ஸ்ஃபர் இல்லை

போன மாசம் ஆபீஸ்ல கூப்பிட்டு ஒரு கவரைக் கையில கொடுத்தாங்க. சென்னைக்கு மாற்றல். ஒன்பது வருஷமா கல்கத்தாவுல உக்காந்து எதிர்பார்த்த கவர். வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கமணி முதல் வேலையா அவங்க அம்மாவுக்கு போன் போட்டாங்க. மக மட்டும் ஒண்ணும் சொல்லலை. செருப்பை மாட்டிக்கிட்டு கீழே போயிட்டா. லாலுவைப் பார்க்க.

லாலு எங்க தெரு நாய். இங்க இருக்கறவங்க பாஷையில 'பாரா' நாய். அதுக்குன்னு தனியா முதலாளி கிடையாது. மீன்காரர் மீன் தலை போடுவார், டீக்கடையில பிஸ்கெட் கிடைக்கும், எங்க வீட்டுப் பங்கு தயிர் சாதம். வங்காளத்துலயே தயிர் சாதம் சாப்பிடற ஒரே நாய் இதுவாத்தான் இருக்கும் :-)

நேரம் பாருங்க, அதே வாரம் ஸ்கூல் லைப்ரரியில இருந்து மக எடுத்துட்டு வந்த புத்தகம் 'வேர் த ரெட் ஃபெர்ன் குரோஸ்'. வில்சன் ரால்ஸ் எழுதி 1961-ல வந்த அமெரிக்க நாவல். ஓசார்க் மலையில இருக்கற ஏழைப் பையன் பில்லி, ரெண்டு வருஷம் 50 டாலர் சேர்த்து, ரெண்டு வேட்டை நாய் வாங்கறான். டான், ஆன். மூணு பேரும் ஒரே உசுரு. கடைசியில மலைச் சிங்கத்தோட சண்டை போட்டு டான் செத்துப் போகுது. அந்த ஏக்கத்துலயே ஆனும் போயிடுது.

ராத்திரி பதினோரு மணிக்கு விசும்பற சத்தம் கேட்டுப் போனா, புத்தகத்தை மூடி வச்சிட்டு அழுதுட்டு இருக்கா. நாய் செத்ததுக்கு அழறான்னு நினைச்சேன். அது இல்லை. கதையில பில்லி வீட்டுக்காரங்களும் ஊர் மாறணும். நாய்களை டவுனுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது, பில்லி அதுங்களை விட்டு வரமாட்டான். அவனைத் தாத்தாகிட்ட விட்டுட்டுப் போறதுன்னு பெத்தவங்க முடிவே பண்ணிடறாங்க. நாய்கள் செத்ததால குடும்பம் பிரியாம ஒண்ணா கிளம்புது. "அப்பா, நாய் செத்தாத்தான் எல்லாரும் ஒண்ணா ஊர் மாற முடியுமா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரலை.

இங்க கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். எங்க அப்பாவுக்கும் மாற்றல் வேலைதான். நான் அஞ்சாவது படிக்கும்போது மணின்னு ஒரு நாயை விட்டுட்டு வந்தோம். "லீவுக்கு வரும்போது பார்க்கலாம்டா, நாலு நாள்ல மறந்துடுவே"ன்னார். அந்த ஊருக்குத் திரும்பப் போகவே இல்லை. நாப்பது வருஷம் ஆச்சு, மறக்கவும் இல்லை. அதனால அந்த ரெண்டு பொய்யையும் இவகிட்ட சொல்றதில்லைன்னு முடிவு பண்ணினேன்.

"கூடவே கூட்டிட்டுப் போயிட்டா என்னங்க?"ன்னாங்க தங்கமணி. விசாரிச்சேன். ரயில்ல ஏசி முதல் வகுப்பு கூபேயோ கேபினோ முழுசா நம்ம பேர்ல இருந்தா நாயை வச்சுக்கலாம். இல்லைன்னா பிரேக் வேன்ல கூண்டுக்குள்ள போகணும். 1,600 கிலோமீட்டருக்கு மேல. எப்படியோ கொண்டுபோனாலும் மூணாவது மாடி ஃபிளாட். எதிர் ரோட்டைக்கூடத் தாண்டாத லாலு அங்க என்ன பண்ணும்?

அப்பத்தான் இந்த ஊர்க் கதை ஒண்ணு ஞாபகம் வந்தது. 'கே-நெக்'. எழுதினவர் தன் கோபால் முகர்ஜி. 1890-ல கல்கத்தா பக்கத்துல பிறந்தவர். 20 வயசு வாக்குல ஜப்பான் வழியா அமெரிக்கா போய், வயல் வேலை எல்லாம் பார்த்துப் படிச்சவர். நம்மளை மாதிரி பிழைக்கப் போன கேஸ்தான். 1927-ல வந்த அந்தப் புத்தகத்துக்கு மறு வருஷமே நியூபெரி பதக்கம் கிடைச்சது. அதை வாங்கின முதல் இந்தியர் அவர்தான். காப்புரிமை முடிஞ்சதால இப்ப இணையத்துல இலவசமாவே கிடைக்குது.

இதுல நாய் இல்லை, புறா. கல்கத்தாப் பையன் ஒருத்தன் சித்ரக்ரீவான்னு பேர் வச்சு ஒரு புறாவை வளர்க்கறான். அது இமயமலைக்குப் போகுது, முதல் உலகப் போர்ல பிரான்ஸ் வரைக்கும் போய்த் தூது கொண்டு போகுது. காயமும் பயமுமா திரும்பி வர்றதை மலையில இருக்கற பௌத்த மடத்துல தேத்தறாங்க.

பதினைஞ்சு நாள், தினம் ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம். முடிச்சதும், "இவர் கல்கத்தாவுக்கே திரும்பி வந்துட்டாராப்பா?"ன்னு கேட்டா. நடுவுல வந்து பார்த்துட்டுப் போனார், 1936-ல நியூயார்க்லயே இறந்துட்டார்னு உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஆனா புறா எல்லாம் ஞாபகம் இருந்திருக்கு"ன்னா.

மறுநாள் அவளே வந்து, "லாலு இங்கயே இருக்கட்டும்பா. நமக்குத்தான் டிரான்ஸ்ஃபர், அதுக்கு இல்லையே"ன்னா. சொல்லும்போது குரல் உடைஞ்சது. நான் சமாதானம் எல்லாம் சொல்லலை, பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.

நேத்து கீழ் வீட்டுப் பிஷிமாகிட்ட, வங்காளியில எழுதின ஒரு தாளைக் கொடுத்திருக்கா. பால் ஊத்தாதீங்க, வயித்துக்கு ஆகாது. காளி பூஜை ராத்திரி வெடிச் சத்தத்துக்குப் பயப்படும், படிக்கட்டுக்குக் கீழ விடுங்க. வெறிநாய்த் தடுப்பூசி போடவேண்டிய தேதி. கடைசியா, தயிர் சாதம் எப்படிப் பிசையறதுன்னு செய்முறை, 'தாளிக்க வேண்டாம்'னு அடிக்கோடு போட்டு.

பிஷிமா அந்தத் தாளை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்காங்க. அடுத்த மாசம் கிளம்பறோம்.