எழும்ப மறுத்த வழங்கி

வழங்கிக் கணினி ஒன்று எழும்ப மறுத்தால், அதனுள் இருந்தவை எல்லாம் போய்விட்டன என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள். அநேக வேளைகளில் அவை அங்கேயே இருக்கும். அவற்றை எப்படி வாசிப்பது என்பதைத்தான் பொறி மறந்திருக்கும்.

நெடுந்தீவில் ஒரு சிறிய வாசிகசாலை. தீவு மக்கள் கொண்டுவந்த காணி உறுதிகள், திருமண அழைப்பிதழ்கள், முப்பத்தோராம் நாளில் வெளியிடும் கல்வெட்டுகள், மங்கிய நிழற்படங்கள் ஆகியவற்றை இளைஞர் சிலர் ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து வழங்கியில் சேர்த்திருந்தார்கள். மூலங்கள் உரியவர்களிடம் திரும்பிவிட்டன; சில ரொறன்ரோவுக்குப் போயின, சில கறையானுக்கு. வேறு பிரதி இல்லை.

தேசிய மின்வலை எட்டாத தீவு அது. நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தது. (நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான சூரிய, காற்று மின் கலப்புத் திட்ட ஒப்பந்தம் இந்திய உதவியுடன் 2024 இல்தான் கைச்சாத்தானது.) மின்தடை நீங்கியதும் வழங்கி தானாக எழும்பவேண்டும் என்று விரும்பிய தம்பி ஒருவர் பயோஸுக்குள் நுழைந்தார். அப்படியொரு தெரிவு உண்டு, எண்ணமும் நல்லது. ஆனால் பட்டியல்களுக்குள் வழிதவறி, தொழிற்சாலை இயல்புநிலைக்கு மீளும் கட்டளையைக் கொடுத்துச் சேமித்துவிட்டார். அதன்பின் திரையில் வந்தது ஒரே வரி: இயக்குதளம் எதுவும் இல்லை.

நான் அங்கே போனபோது மூன்றாம் நாள். தாய்ப்பலகையின் சிறு பற்றறியைக் கழற்றி மாட்டும்படி தொலைபேசியில் எவரோ சொல்ல, அதையும் செய்திருந்தார்கள். 20 மில்லிமீற்றர் அகலமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள அந்த வட்டை எடுப்பதும் இயல்புநிலைக்குத்தான் கொண்டுபோகும். நோயே இயல்புநிலை என்றால் அதே மருந்தை இரண்டாம் முறை கொடுத்து என்ன பயன்?

"ஐயா, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடவேணுமாம்" என்றார் தம்பி. முகம் வாடியிருந்தது.

பத்திரிகை அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்த பழைய நண்பர் ஒருவரை அழைத்தேன். அவர் கேட்ட முதற்கேள்வி: "வன்தட்டு எத்தனை?" மூன்று. "ரெயிட். ஒண்டையும் அழிக்கவேண்டாம். புதுசா உருவாக்கட்டோ எண்டு கேட்டாலும் ஓம் எண்டு சொல்லவேண்டாம்."

காரணம் எளிது. ஒவ்வொரு கோப்பும் துண்டாகி மூன்று வன்தட்டுகளிலும் பரவியிருந்தது. அவற்றைச் சேர்த்து ஒன்றாகப் பார்க்கும்படி பயோஸில் சேட்டா முறை ரெயிட் என்று வைக்கப்பட்டிருந்தது. இயல்புநிலையில் அது ஏஎச்சிஐ ஆகிவிட, மூன்றும் தொடர்பற்ற மூன்று தட்டுகளாயின. ஆனால் எத்தட்டு எவ்வரிசை என்ற குறிப்பு தட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1999 ஏப்ரல் 26 இல் செர்னோபில் வைரஸ் பல கணினிகளின் பயோஸ் சில்லையே அழித்தது. அது வேறு வகை இழப்பு. இங்கே அழிந்தது ஒன்றுமில்லை.

முதலில் தட்டுகளுக்கு 1, 2, 3 என்று இலக்கமிட்டோம். சேட்டா முறையை மீண்டும் ரெயிட் ஆக்கினோம். தொடக்க முறை யூஇஎஃப்ஐ தானா என்று பார்த்தோம். பின்னோக்கிப் போயிருந்த திகதியையும் திருத்தினோம். சேமித்து வெளியேறியதும், மூன்று தட்டுகளும் ஒரே தொகுதியாகத் திரையில் தோன்றின. சில நிமிடங்களில் கல்வெட்டு ஒன்றின் அட்டை விரிந்தது. யாரும் பேசவில்லை.

தம்பி விட்ட காரியத்தை விடவில்லை: மின் வந்ததும் எழும்பும் தெரிவை மட்டும் தேடி மாற்றினார். பிறகு பயோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, அச்சிட்டு, பெட்டியின் உட்புறத்தில் ஒட்டினார். கோப்புகள் அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றில் படியெடுக்க இரவு முழுதும் சென்றது. மறுநாட் காலைப் படகில் அது குறிகட்டுவானுக்குப் போயிற்று, பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி.