வெளியூர் வேட்டைக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?

டெக்சாஸ்ல இருக்கிற நண்பன் ஒருத்தன் முதல் தடவையா கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போகப் போறானாம். எல்க்னா நம்ம கடமானுக்குச் சொந்தக்கார மிருகம். ஆண் ஒண்ணு முந்நூறு கிலோவைத் தாண்டும். வெளி மாநிலத்துக்காரன்னா லைசென்சுக்கு உள்ளூர்க்காரனை விடப் பல மடங்கு காசு. நல்ல காடு வேணும்னா குலுக்கல்ல பேர் விழணும். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிச்ச சான்றிதழ் வேணும். துப்பாக்கியோட போனா பளிச்சுன்னு ஆரஞ்சு கலர்ல மேல்சட்டை போடணும். இதுக்கெல்லாம் எக்செல் ஷீட் போட்டு வச்சிருக்கான். "நம்ம ஊர்லேர்ந்து யாராவது இப்படிப் போயிருக்காங்களாடா?"ன்னு கேட்டான், நக்கலா.

போயிருக்காங்க ராசா. உங்க நாட்டுக்கே, உங்க அரசாங்கம் கூப்பிட்டு.

2017 ஜனவரியில செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் ரெண்டு பேர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், ஃபுளோரிடாவில் போய் இறங்கினார்கள். (அப்போ செங்கல்பட்டு தனி மாவட்டம் இல்லை, காஞ்சிபுரத்தோட இருந்தது. பிரிஞ்சது 2019-ல்.) ஃபுளோரிடா வனவிலங்குத் துறையும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் சேர்ந்து அழைத்திருந்தன. மொழிபெயர்ப்பாளர்கள் ரெண்டு பேர் உட்பட மொத்தச் செலவு சுமார் 69 ஆயிரம் டாலர்.

வேட்டை எதை? பர்மிய மலைப்பாம்பை. செல்லப் பிராணியா வாங்கி, வளர்ந்து பெருசானதும் சமாளிக்க முடியாம எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துல விட்டுட்டுப் போன பாம்புகள் பெருகிடுச்சு. 2012-ல வந்த ஒரு ஆய்வுப்படி, அங்கே ரக்கூன் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைஞ்சு போச்சு. முயலைக் காணவே காணோம். 2013-ல போட்டி வச்சாங்க. கிட்டத்தட்ட 1600 பேர் கலந்துக்கிட்டு ஒரு மாசத்துல பிடிச்சது 68 பாம்பு. கணக்குப் போட்டுப் பாருங்க, இருபத்து மூணு பேருக்கு ஒரு பாம்பு!

நம்ம ஆளுங்க ரெண்டு பேரும் நாலு வாரத்துக்குள்ள 27.

நான் யோசிச்சது இதைத்தான்: அவங்க பயணத் திட்டத்துல என்ன இருந்திருக்கும்? இங்கே அவங்க பழகின நிலம் வேற. வயல் வரப்பு, எலி வளை, கரையான் புற்று, முள் புதர். கையில கடப்பாரை. அங்கேயோ ஆளுயரக் கோரை, முழங்கால் தண்ணி, அடியில சுண்ணாம்புப் பாறை. பாம்பும் வேற. நல்ல பாம்பைத் தேடிப் பழகின கண்ணுக்குப் பதினஞ்சு அடி மலைப்பாம்பு. உள்ளூர் வழிகாட்டி சொல்ற இடத்துக்குப் போய் நிற்பதுதான் நம்மில் யாரும் செய்வது. இவங்க அதைச் செய்யலை. அமெரிக்க வேட்டைக்காரர்கள் வண்டியில கரைமேட்டு ரோட்டுல போய்க்கிட்டே, வெயில் காய வெளியே வர்ற பாம்பைத் தேடுவாங்க. இவங்க ரோட்டை விட்டுட்டு நேரா அடர்ந்த புதருக்குள்ள நடந்தாங்க. மெதுவா. உரிச்சுப் போட்ட சட்டை, எச்சம், மண்ணுல வயிறு இழைஞ்ச தடம், பெரிய வளை. கீ லார்கோ தீவுல, கைவிட்ட பழைய ஏவுகணைத் தளத்துக்குள்ள நாலு பாம்பு பிடிச்சாங்க. அதில் ஒண்ணு 16 அடிப் பெட்டை. எக்செல் ஷீட்டில் 'பார்க்கத் தெரிஞ்ச கண்' என்று ஒரு கட்டம் கிடையாது, அதான் சிக்கல்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு (வேடிக்கைன்னு சொல்லலாமான்னு தெரியலை). 1972 வனவிலங்குச் சட்டம் வர்ற வரைக்கும் இருளர்களுக்குப் பாம்புத் தோல்தான் காசு. 1976-ல தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. சட்டம் வேணாம்னு சொல்ல மாட்டேன், அது இல்லேன்னா இன்னிக்குப் பாம்பே மிஞ்சியிருக்காது. ஆனா தொழில் போனது போனதுதான். அதுக்கப்புறம் 1978-ல இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வனத்துறை அனுமதிக்கிற எண்ணிக்கைக்குள் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் மட்டும் பிடிக்கலாம். மூணு வாரம் போலப் பானையில வச்சு, நாலு தடவை விஷம் எடுத்து, வயித்துச் செதில்ல அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டுல விடணும். நம்ம நாட்டுல பாம்புக்கடி மருந்து செய்ய வேண்டிய விஷத்துல பெரும்பங்கு இங்கேர்ந்துதான் போகுது. மலைப்பாம்பு மேல இங்கே கை வச்சா ஜெயில். அதே மலைப்பாம்பைப் பிடிச்சதுக்கு அங்கே கைதட்டல். இங்கே பிடிச்சதை விட்டுடணும், அங்கே பிடிச்சதை ஆராய்ச்சிக்காரங்க கொன்னுடுவாங்க.

2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. சந்தோஷம்தான். ஆனா எனக்கு உறுத்துறது வேற. இந்தக் கண்ணை வகுப்பு வச்சுச் சொல்லிக் கொடுக்க முடியாது. அப்பா பின்னாடியே பையன் வரப்பு வரப்பா நடக்கணும், பல வருஷம். அந்த வரப்பெல்லாம் இப்போ மனைப்பிரிவுக் கல்லு நட்டுக் கிடக்கு. பாம்பு பிடிக்க அனுமதி இருக்கிறது சில நூறு பேருக்கு மட்டும். மத்த இருளர் குடும்பங்களில் எத்தனையோ பேர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கிடக்கிறாங்க, பழங்குடிச் சான்றிதழுக்கே வருஷக்கணக்கா அலையறவங்களும் உண்டு. பையன் ஸ்கூலுக்குப் போறான், போகத்தான் வேணும். இன்னும் இருபது வருஷம் கழிச்சு எவனாவது வெளிநாட்டுலேர்ந்து ஆள் கேட்டா யாரை அனுப்புவோம்?

நண்பனுக்கு இதையெல்லாம் போன்ல சொன்னேன். "அவங்க பூட்ஸ் என்ன பிராண்டு?"ன்னு கேட்டான். வச்சுட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில மாமல்லபுரம் போறவங்க கோவளம் தாண்டி வடநெம்மேலியில நிறுத்துங்க. முதலைப் பண்ணைக்குள்ளதான் சங்கத்தோட விஷம் எடுக்கிற இடம். அந்த வருஷத்து அனுமதி வந்திருந்தாத்தான் பானையில பாம்பு இருக்கும், விசாரிச்சுட்டுப் போங்க. எல்லாரும் பாம்பையே பார்ப்பாங்க. நீங்க பிடிக்கிறவரோட கையைப் பாருங்க.