கல்பாசியும் கரிபு மானும்

கறிக்குழம்புக்குப் போடுகிற கல்பாசி இருக்கே, அது வெறும் பாசி இல்லைங்க. இத்தனை வருஷம் தின்னும் எனக்குப் போன மாசந்தான் தெரிந்தது. அதன் பேர் லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்துகிற உயிர். பாசி வெயிலை வாங்கிச் சமைக்கும். பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும். வேர் கிடையாது. பாறை மேலேயே பிழைத்துக்கொள்ளும்.

மக போன்ல ஒரு படம் காட்டினா. வடதுருவத்தை ஒட்டி, கனடா, அலாஸ்கா பக்கம் தூந்திரா என்று பரந்த வெளி. அடிமண் வருஷம் முழுக்க உறைந்தே கிடப்பதால் மரம் வளராது. அங்கே கரிபு என்றொரு மான். ஐரோப்பாவில் ரெயின்டீர் என்பதும் இதே இனந்தான். குளிர்காலத்தில் புல், இலை எல்லாம் போன பிறகு அது உயிரைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் லைக்கனை நம்பித்தான்.

ஆடு வளர்க்கிறவன் கண்ணு சும்மா இருக்குமா? நானும் விடாமல் தேடிப் படித்தேன். பனிக்கு அடியில் லைக்கன் இருக்கிற இடத்தை மோப்பத்திலேயே கண்டுபிடித்து, முன்னங்காலால் தோண்டித் தின்கிறது. கோடையில் சதுப்பில் நடக்க அதன் பாதம் மெத்தென்று இருக்கும். குளிர் வந்தால் அந்தச் சதை சுருங்கி, குளம்பு விளிம்பு மண்வெட்டி மாதிரி வெளியே நிற்கும். தோண்டின குழியைப் பெரிய கிடா வந்து பிடுங்கிக்கொண்டால்? கிடாவுக்குக் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பு விழுந்துவிடுகிறது. சினையாக இருக்கிற பெட்டைக்கோ குட்டி போடுகிற சமயம் வரைக்கும் நிற்கிறது. நல்ல ஏற்பாடு!

நம்ம ஆடு மாடு மாதிரி அதுவும் அசை போடுகிற பிராணிதான். லைக்கனில் மாவுச்சத்து உண்டு, புரதம் ரொம்பக் குறைவு. அதனால் மூத்திரத்தில் போக வேண்டிய யூரியாவில் ஒரு பங்கை வயிற்றுக்கே திருப்பி, அங்குள்ள நுண்ணுயிருக்குத் தீனியாக்கிக்கொள்கிறது. நான் யூரியாவுக்குக் கடை வாசலில் வரிசையில் நிற்கிறவன்.

ஒரே சங்கடம், லைக்கன் வருஷத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு. ஒட்ட மேய்ந்துவிட்டால் பழையபடி வரப் பல பத்து வருஷம் ஆகும். கரிபு ஒரே இடத்தில் நிற்காமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்துகொண்டே இருப்பது அதுக்கும் சேர்த்துத்தான்.

நடக்க வழி இல்லைன்னா? பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு. அங்கிருந்த ஆட்களுக்கு அவசரத்துக்குக் கறியாகட்டும் என்று 1944-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 29 ரெயின்டீரைக் கொண்டுவந்து விட்டது. போர் முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். தீவில் ஓநாய் இல்லை. லைக்கன் மெத்தை போட்ட மாதிரி கிடந்தது. 1963-ல் எண்ணினால் 6,000. லைக்கன் தீர்ந்துபோன நிலத்தில் அடுத்து வந்த குளிர்காலம் ரொம்பக் கடுமை. டேவிட் கிளெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் 1966-ல் போய்ப் பார்த்தபோது மிச்சம் 42. அதில் கிடா ஒண்ணே ஒண்ணு, அதுக்கும் கொம்பு சரியில்லை. பிறகு அவையும் அற்றுப்போயின.

இதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். 2015-ல் எங்க பக்கம் நல்ல மழை. கரடெல்லாம் பச்சை. 22 ஆடு இருந்த பட்டியை, கடன் வாங்கி 60 ஆக்கினேன். "ஆட்ட எண்ணுறீங்க, புல்ல எண்ணுனீங்களா?" என்று வீட்டுக்காரி அப்பவே கேட்டாள். 2016-ல் மழை பொய்த்தது. அறுபது வாயும் கரட்டை வேரோடு சுரண்டிவிட்டது. பாதி விலைக்கு விற்றேன். சில ஆடு விற்கிற வரைக்கும் தாங்கவில்லை.

இப்ப 19 இருக்கு. போன சந்தையில் ஒரு வியாபாரி, பத்துக் குட்டி சல்லிசாத் தரேன் என்றான். கரட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். ரெண்டு தடவை போய்ப் பார்த்தாச்சு. இன்னும் அவனுக்குப் பதில் சொல்லலைங்க.