அண்ணன் இப்ப எப்படி இருக்காரு?

தக்காளி மார்க்கெட்டுக்குப் போனாலும், பொன்மலை கோயிலுக்குப் போனாலும் பார்க்கிற ஆளெல்லாம் என்னைக் கேக்கறது இதுதானுங்க. ஒவ்வொருத்தருக்கும் நின்னு சொல்ல முடியறதில்லை. அதனால இங்கே எழுதிப் போடறேன்.

2024 ஆடியில ஒரு நாள் காலையில, தென்னைக்குத் தண்ணி மாத்தி விட்டுட்டு வந்தவரு கட்டுத்தறிகிட்ட அப்படியே சாஞ்சுட்டாரு. வலது கையும் காலும் விழுந்துபோச்சு. வாந்தி. பேச்சில்லை. 108-க்குப் போன் பண்ணி கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில சொந்தக்காரர் ஒருத்தர் போன்ல, "ஆஸ்பிரின் ஒண்ணு குடுங்க, அடைப்பு கரைஞ்சுரும்"னாரு. ஆம்புலன்ஸ்ல இருந்த தம்பி வேண்டவே வேண்டாம்னுட்டாரு. அடைப்பா கசிவான்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். கசிவா இருந்தா அந்த மாத்திரை ரத்தத்தை உறைய விடாது, இன்னும் எச்சா கசியுமாம். அண்ணனுக்குக் கசிவுதான். மூளைக்குள்ள, இடது பக்கம். பிரஷர் மாத்திரையை "உடம்பு நல்லாத்தானே இருக்குது"ன்னு அவரே ஆறு மாசமா நிறுத்தி வெச்சிருந்தாருங்கறதை அப்புறம் நங்கை சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

ஒறம்பரை வந்து கேட்டதுல ஒண்ணு இன்னும் எனக்கு ஆறலை. "ஈஷா ஜக்கி வாசுதேவுக்கும் இதுதானே? மார்ச் 17-ந் தேதி டெல்லி அப்போலோவுல ஆபரேசன், 27-ந் தேதி ஆஸ்பத்திரியை விட்டு வந்துட்டாரு. உங்க அண்ணன் ஏன் இன்னும் கட்டில்ல கெடக்கறாரு?" அவருக்கு ரத்தம் தேங்கினது மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல. அதை எடுத்து அமுக்கத்தைக் குறைச்சா மூளைக்கு மூச்சு வருது. எங்க அண்ணனுக்கு மூளைக்குள்ளேயே வெடிச்சுது. வாய்க்கால் உடைஞ்சு வரப்புக்கு வெளிய தண்ணி நிக்கறதும், நாத்தங்காலுக்குள்ளேயே பாஞ்சு நாத்தை அடிச்சுட்டுப் போறதும் ஒண்ணாகுங்களா?

சாளைக்குக் கூட்டிட்டு வந்தப்ப மூக்குல குழாய். ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா முதுகு புண்ணாயிரும். ராத்திரி முறை எனக்கு, பகல் நங்கைக்கு. மோட்டாருக்கு எந்திரிச்சுப் பழகின உடம்பு, தூக்கம் எனக்குப் பெருசாத் தெரியலை. நங்கைக்குத்தான் இடுப்பு போச்சு. விழுந்த கையைப் பிடிச்சுத் தூக்கினா தோள் நழுவிரும், இடுப்புல துணி கட்டித்தான் தூக்கணும்னு நர்சம்மா ஒருத்தர் காட்டிக் குடுத்தாங்க. குழாயை எடுத்த பின்னால, உக்கார வெச்சுத்தான் சோறு. தண்ணியைவிட கெட்டியா இருக்கிற ராகிக் கூழ் நல்லதுன்னாங்க. தண்ணி சட்டுனு மூச்சுக் குழாய்க்குள்ள போயிருமாம். இது தெரியாம சில வீட்டுல படுக்க வெச்சே டம்ளரைச் சாய்க்கிறாங்க.

புறா ரத்தம் தடவச் சொன்னவங்க நாலு பேரு. வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு வந்து நின்னவரும் உண்டு. நான் விடலை. அதுக்காக ஒருத்தர் இன்னும் எங்கிட்டப் பேசறதில்லை, போகட்டும். 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை குடுக்கறாங்க, கை கால் பயிற்சியும் சொல்லிக் குடுக்கறாங்க. கசிவுக்கு அப்புறம் முதல் ஆறு மாசத்துலதான் உடம்பு வேகமாத் திரும்புமாம். அந்த நாளைப் புறா ரத்தத்துக்குத் தொலைக்க முடியுங்களா?

பேச்சு வந்ததைச் சொல்லணும். நாலாவது மாசம். வாசல்ல தேங்காய் எண்ணிப் போட்டுட்டிருந்தோம், அண்ணன் கயித்துக் கட்டில்ல உக்காந்து பார்த்துட்டிருந்தாரு. அதுவரைக்கும் "ஆ" தவிர ஒண்ணுமில்லை. நான் முதல் காயை எடுத்துப் போட்டேன். "லாபம்" அப்படின்னாரு. அப்புறம் "ரெண்டு, மூணு"ன்னு பதினெட்டு வரைக்கும் நிக்காம வந்துச்சு. நங்கை முறத்தைக் கீழ போட்டுட்டு வந்து நின்னாங்க. அதுக்கு மேல அவங்க பேரைச் சொல்லச் சொன்னா வரலை. டாக்டர்கிட்டக் கேட்டதுக்கு, சின்ன வயசுல இருந்து வாய்ப்பழக்கமா சொல்றதும் திட்டறதும் பாட்டும் சிலருக்குத் தப்பிச்சு நிக்கும், நாமளா யோசிச்சுச் சொல்ற சொல்லு வர நாளாகும்னாரு. திட்டறது நெசமாவே நல்லா வருது. கரண்டுக்காரங்களைத் திட்டறப்ப ஒரு குறையும் தெரியலை!

இப்போ கோல் ஊனி கட்டுத்தறி வரைக்கும் நடக்கறாரு. கை இன்னும் மடங்கியே இருக்குது. காரணமில்லாம அழுகை வருது, ரெண்டு நிமிசத்துல நின்னுருது. அதுவும் மூளையில பட்ட அடிதானாம், மனசு உடைஞ்சுட்டாருன்னு நினைக்கக் கூடாது.

பையன் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறேங்கறான். அவன் சொல்றதுலயும் நாயம் இருக்குது, நங்கை இடுப்பைப் பார்த்தா எனக்கே பயமா இருக்குது. ஆனா அது மூணாவது மாடி. போன வாரம் அவன் பையைக் கட்ட ஆரம்பிச்சதும் அண்ணன் கட்டில் சட்டத்தை இடது கையில பிடிச்சுட்டு, ரொம்ப நேரம் வாயை அசைச்சு அசைச்சு "காடு"ன்னாரு. பையன் ஒண்ணும் சொல்லலை, பையைப் பிரிச்சுட்டான். தை வரைக்கும் இங்கயே இருக்கட்டும், பகலுக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆளை வெச்சுக்கலாம், சம்பளம் ஆளுக்குப் பாதின்னு பேசி முடிச்சிருக்கறோம். ஆளு இன்னும் கிடைக்கலை.

பார்க்க வர்றவங்க பொழுதோட வாங்க. காலையில பயிற்சி இருக்குது. வந்தா எங்கிட்டயோ நங்கைகிட்டயோ கேக்காம அவருகிட்டயே பேசுங்க. அவருக்கு எல்லாம் புரியுது. பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.